‘சூப்பர்வைசர்’னு லெட்டர் கொடுத்தா உஷார்! ஆளுக்கு ரூ.1,24,800 போச்சு

தி.நகர், புரசைவாக்கம், குரோம்பேட்டை பக்கம் பெரிய கடைகளில் வேலை பார்க்கிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைப் படிங்க. கடை பெயரைப் போடவில்லை, கணக்கு இன்னும் தீரவில்லை. தி.நகரில் ஒரு பல மாடி ஜவுளிக்கடை, அவ்வளவுதான்.

சேல்ஸ்மேனாக இருந்தவரை மாதம் 19,000, நேரம் தாண்டினால் ஓ.டி. (மிகைநேரச் சம்பளம்). பிறகு மூன்று பேருக்கு ‘ஃப்ளோர் சூப்பர்வைசர்’ லெட்டர் வந்தது, சம்பளம் 20,800. கூடவே ஸ்வீட் பாக்ஸ், கழுத்துக்கு நீலக் கலர் டேக். லெட்டரின் நாலாவது பத்தியில் ‘மேற்பார்வை மற்றும் நிர்வாகப் பொறுப்பு என்பதால் மிகைநேர ஊதியம் பொருந்தாது’ என்று ஒரு வரி. அது என்ன என்று அங்கேயே கேட்டதற்கு ஹெச்.ஆர். மேடம் தன் பேனாவையே நீட்டி, “அது சும்மா ஃபார்மாலிட்டிங்க. ஓ.டி.க்குப் பதிலா தீபாவளிக்கு மொத்தமா செஞ்சு தருவோம். இனிமே நீங்க எங்க ஆளு” என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் மூன்று கையெழுத்தும் விழுந்தது.

மறுவாரமே விரல் வைக்கும் மெஷினிலிருந்து மூன்று பேர் பெயரும் காணோம். பதிலுக்கு ஒரு நோட்டு. அதில் வந்தாச்சு என்று ‘பி’ (பிரசன்ட்) போட ஒரு கட்டம் உண்டு; வந்த நேரம், போன நேரம் எழுத இடமே கிடையாது. பதவி உயர்வின் உள்குத்து இதுதான். நேரம் பதியாவிட்டால் நாளைக்கு எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

கணக்கைப் பாருங்கள். 20,800-ஐ 26 நாளால் வகுத்தால் 800, எட்டு மணியால் வகுத்தால் மணிக்கு 100. ஓ.டி. இரட்டிப்பு, அதாவது 200. காலை ஒன்பதரைக்கு வந்து இரவு எட்டரைக்குக் கிளம்பினால், சாப்பாட்டு நேரம் போக 10 மணி நேர வேலை. தினம் 2 மணி அதிகம், மாதம் 52 மணி, ரூ.10,400. வருஷத்துக்கு ரூ.1,24,800. மாதம் 1,800 ஏற்றிக் கொடுத்துவிட்டு 10,400-ஐ உருவிக்கொண்டார்கள்.

தீபாவளிக்கு வந்தது வழக்கமான போனஸ் மட்டும். கேட்டால் “பொங்கல் முடியட்டும்”. பொங்கல் முடிந்ததும் “ஆடிட்டர்கிட்ட கேட்டிருக்கோம்”. அப்புறம் “ஆடித் தள்ளுபடி நேரத்துல இதையா பேசுவாங்க?” கடைசியில் மெயில் போட்டதற்கு ஒரே வரி பதில்: ‘மேற்பார்வையாளர் சம்பளம் 18,000 தாண்டினால் ஓ.டி. கிடையாது, புதிய சட்டத்தைப் படிக்கவும்.’ ஆளுக்கு ரூ.1,24,800-க்கு ஒரு வரி!

படித்தாச்சு. அந்த 18,000 வரம்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ‘தொழிலாளர்’ யார் என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. ஊதியத் தொகுப்பில் அதுவே 15,000. ஆனால் 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் மாநிலச் சட்டம். அந்தத் தொகுப்புகள் இதை ரத்து செய்யவில்லை. இதில் சம்பள வரம்பு என்ற பேச்சே கிடையாது. 14-ஆம் பிரிவுப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48, ஓ.டி. சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54. மேலே சொன்ன வேலை வாரத்துக்கு 60 மணி வருகிறது, அதுவே விதிமீறல். அதற்காகக் காசு கொடுக்காமல் தப்பிக்க முடியாது. 31-ஆம் பிரிவு ஓ.டி.க்கு இரட்டிப்புச் சம்பளம் என்கிறது.

விலக்கு 4-ஆம் பிரிவில் இருக்கிறது, ‘நிர்வாகப் பதவியில்’ இருப்பவருக்கு. மேற்பார்வை செய்கிறவர் என்று அங்கே இல்லை. ஆளை வேலைக்கு எடுக்க, நீக்க, லீவு சாங்ஷன் செய்ய, செலவுக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் உண்டா என்பதுதான் கேள்வி. லீவு ஃபார்மை வாங்கி மேலே அனுப்புவதும், புடவை மடிக்கச் சொல்வதும், பில் கவுன்டர் வரிசையைச் சரிசெய்வதும் நிர்வாகம் ஆகாது. அதே சமயம், கடையையே பொறுப்பேற்று நடத்தும் மேனேஜர் இதை நம்பி இறங்க வேண்டாம். 1994-இல் எஸ்.கே. மைனி என்ற கடை மேலாளரின் வழக்கில், பதவிப் பெயர் முக்கியமல்ல, முதன்மையாகச் செய்யும் வேலைதான் முக்கியம் என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம்தான், அந்தக் கடை மேலாளர் தொழில் தகராறு சட்டப்படி தொழிலாளி இல்லை என்றும் சொன்னது.

அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்காரர்களுக்கு வேறு கணக்கு. 2025 நவம்பர் 21-க்கு முந்தைய பாக்கி என்றால் தொழிற்சாலைகள் சட்டம் 64-ஆம் பிரிவைப் பாருங்கள்; சூப்பர்வைசராகவே இருந்தாலும் சம்பளம் 24,000-க்குள் இருந்தால் ஓ.டி. உண்டு. அதற்குப் பிந்தையதற்குத்தான் அந்த 18,000.

விவரமாக எழுத நினைத்தேன், எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது:

லெட்டரில் ‘நிர்வாகம்’ என்ற சொல் இருந்தால், என்னென்ன அதிகாரம் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

மெஷினிலிருந்து பெயரை எடுத்தால் அன்றிலிருந்தே ஆதாரம் சேருங்கள். பில்லிங்கில் தள்ளுபடி அப்ரூவ் செய்யும்போது உங்கள் ஐ.டி. நேரத்தோடு பதியும். ஷட்டர் சாவி நோட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் இரவு எட்டு மணிக்கு வரும் ‘ஸ்டாக் எடுத்துட்டுப் போங்க’, எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்க.

‘நீ மேனேஜ்மென்ட்’ என்று அவர்கள் சொன்னால் வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று 51-ஆம் பிரிவில் தொழிலாளர் ஆணையர்தான் முடிவு செய்ய வேண்டும். அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விடும்போது ‘எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ பேப்பரை நீட்டுவார்கள். அதில் ‘ஓ.டி. பாக்கி ரூ.1,24,800 நீங்கலாக’ என்று உங்கள் கையாலேயே எழுதி, போட்டோ எடுத்த பிறகு கையெழுத்துப் போடுங்க.