முதலில் ரிம், அப்புறம் ஸ்பிரிங்: பெரிய டெக்னிக் கார்களுக்கு எந்த சஸ்பென்ஷன்?

வேலூர்ப் பக்கம் லெகோ டெக்னிக்கில் (கியர், அச்சு எல்லாம் வைத்து நிஜமாக இயங்கும் மாடல் கட்டுகிற லெகோ வகை) சொந்தமாக கார் டிசைன் செய்து கட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். சத்துவாச்சாரியில் நான், காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிற இரண்டு தம்பிகள், ஆற்காட்டில் ஒரு பல் டாக்டர். ஆள் குறைவு, சண்டைக்குக் குறைவில்லை. 1:8 அளவு (நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு) ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்பிரிங்கை, சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் விஷ்போன் கை மேலேயே நேராக மாட்டுவதா, புஷ்ராட் என்ற தள்ளுதண்டு வைத்து உள்ளே படுக்கப் போடுவதா என்பதுதான் ஓயாத சண்டை. தம்பிகள் புஷ்ராட் கட்சி, டாக்டர் நேர் ஸ்பிரிங். என்னைக் கேட்டால், இரண்டு பேருமே ரிம்மைத் தேர்ந்தெடுக்கும் முன்பே வாதாட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஏன் என்பது கணக்குப் போட்டால் தெரியும். 2016இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் (2,704 துண்டுகள்), 2018இன் புகாட்டி சிரோன் (3,599), 2020இன் லம்போர்கினி சியான் (3,696) என்ற மூன்று லெகோ செட்டுமே ஏறக்குறைய 25 செ.மீ. அகலம். ஒரு ஸ்டட் (லெகோவில் ஒரு குமிழின் இடம், அதுதான் எங்கள் அளவுகோல்) 8 மி.மீ. என்பதால் மொத்தம் 31 ஸ்டட். பின் டயர் ஒன்றுக்கு ஐந்தரை என்று வைத்தால் இரண்டுக்கும் 11 போய்விடுகிறது. பக்கத்துக்கு 6 ஸ்டட் நீளக் கை என்றால் இன்னொரு 12. நடுவில் மிஞ்சுவது எட்டே ஸ்டட். டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்), கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட், ஸ்பிரிங்கின் மேல் முனையைத் தாங்கும் சட்டம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இங்கேதான் குழி ரிம்முக்கும் தட்டை ரிம்முக்கும் வித்தியாசம். உள்பக்கம் குழிவான ரிம் என்றால் ஹப் (சக்கரத்தைத் தாங்கும் நடுத் துண்டு) அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கையின் வெளி முனையும் டயரின் நிழலுக்குள் போய்விடுவதால் ஒன்றிரண்டு ஸ்டட் இலவசமாகக் கிடைக்கிறது. தட்டை ரிம்மில் ஹப் முழுதும் வெளியே நிற்கும், அந்த இடத்தைக் கையிலிருந்துதான் வெட்ட வேண்டும். கை நாலு ஸ்டட்டாகச் சுருங்கினால் சக்கரம் மேலே ஏறும்போது போடும் வளைவு கூர்மையாகி, டயர் தரையில் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே ஏறும்.

முன் சக்கரத்தில் இது இன்னும் மோசம். ஸ்டியரிங் திரும்பும் அச்சு டயரின் நடுக்கோட்டிலிருந்து 3 ஸ்டட், அதாவது 24 மி.மீ. தள்ளி இருந்தால், 30 டிகிரி திருப்பும்போது சக்கரத்தின் மையம் 12 மி.மீ. முன்னேயோ பின்னேயோ நகர்கிறது. குழி ரிம்மில் அந்த விலகலை ஒரு ஸ்டட்டுக்குக் குறைத்தால் நகர்வு 4 மி.மீ. மட்டும். 12 மி.மீ. நகரும் டயருக்கு வழிவிட முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பாடி வளைவை வெட்டித் தள்ள வேண்டும், அப்புறம் கார் லாரி மாதிரி வாய் பிளந்து நிற்கும். முன்பக்கம் தட்டை ரிம் வைத்து, அதன் மேல் அலங்கார மூடி ஒட்டி அழகு பார்க்கிறவர்களிடம் எனக்கு இதுதான் வருத்தம். புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் பம்பரில் இடிக்கும்.

சரி, ரிம் முடிவாகிவிட்டது. இப்போது ஸ்பிரிங்.

நேர் ஸ்பிரிங்கின் பலம் அதன் எளிமை. கீழ்க் கை, மேல் கை, நடுவில் சாய்வாக ஒரு ஷாக் அப்சார்பர். பலவீனம் எங்கே மாட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. கையின் வெளி முனையில் டயரும் ஹப்பும் அடைத்துக்கொள்வதால் ஸ்பிரிங்கின் கால் பெரும்பாலும் கையின் பாதியில்தான் விழும். பாதியில் மாட்டினால் சக்கரம் 2 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 1 மி.மீ.தான் அமுங்கும், ஆனால் இரட்டிப்புச் சுமை சுமக்கும். ஒரு பின் சக்கரத்தின் மேல் 700 கிராம் விழுந்தால் ஸ்பிரிங்குக்கு 1.4 கிலோ. சக்கரத்தில் உணரும் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பில் கால்வாசியாகிவிடும். பின்பக்கம் உட்கார்ந்துபோன பெரிய கார்களில் இதுதான் வழக்கமான காரணம். மஞ்சள் நிறக் கடின ஸ்பிரிங்கை இரண்டு இரண்டாகப் போட்டுச் சமாளிக்கிறார்கள். அந்த இரண்டாவது ஸ்பிரிங்குக்கு நடுவிலிருக்கிற எட்டு ஸ்டட்டில் இடம் எங்கே?

புஷ்ராட்டில் இந்த விகிதம் நம் கையில் இருக்கிறது. கீழ்க் கையிலிருந்து ஒரு தண்டு மேலே போய் ராக்கர் என்ற சின்ன நெம்புகோலைத் தள்ளும், ராக்கர் படுத்திருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கும். ராக்கரின் இரு பக்க நீளத்தையும் மாற்றினால் சுமையைக் கூட்டலாம், குறைக்கலாம். உயரமும் மிச்சம்: சியானின் மொத்த உயரமே 13 செ.மீ., அதில் தாழ்வான பானெட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கை நிற்க வைப்பது லேசான காரியமில்லை. நிஜ சியானிலும் அதன் தாய்க் காரான அவென்டடோரிலும் புஷ்ராட்தான் என்பது தம்பிகளின் பிரம்மாஸ்திரம்.

ஆனால் நிஜக் காரில் மூட்டுக்கு மூட்டு ஆட்டம் கிடையாது, பிளாஸ்டிக்கில் உண்டு. தண்டின் இரு முனை, ராக்கரின் நடு அச்சு என்று புஷ்ராட் மூன்று மூட்டுகளைக் கூட்டுகிறது. ஒவ்வொன்றிலும் முடியளவு ஆட்டம் இருந்தாலும், ஸ்பிரிங் அசைய ஆரம்பிக்கும் முன்பே சக்கரம் கொஞ்சம் தொங்கிவிடும். அதோடு சுமையில் ஹப்பும் நெகிழ்ந்து, சக்கரத்தின் தலை உள்ளே சாயும். ராக்கரை ஒரே பின்னில் தொங்கவிடாமல் இரண்டு பீமுக்கு (துளை போட்ட நீளத் துண்டு) நடுவில் ஆக்ஸில் போட்டுப் பிடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். அப்படிப் பிடிக்க இரண்டு ஸ்டட் அகலம் கூடுதலாக வேண்டும். குழி ரிம்மில் மிச்சம் பிடித்த இடம் இங்கேதான் உதவுகிறது. தட்டை ரிம்மோடு புஷ்ராட் வேண்டும் என்று தம்பிகள் கேட்டால் நான் கதவைச் சாத்திவிடுவேன்.

எங்கள் தெருவில் லாரி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். என் காரை நாலு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாபா, எண்ணெயே இல்லாத ஷாக்கப்சரு. குதிச்சிக்கினே இருக்குது" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டெக்னிக் ஷாக் அப்சார்பரில் இருப்பது ஸ்பிரிங் மட்டும்தான், ஆட்டத்தை அடக்குகிற சரக்கு ஒன்றும் இல்லை. உராய்வு ஒன்றுதான் அடக்குகிறது. புஷ்ராட்டின் கூடுதல் மூட்டுகளில் கூடுதல் உராய்வு இருப்பதால் அது கொஞ்சம் நிதானமாக இறங்கும். டாக்டர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

மூன்றாவது வழியான, இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே கட்டை ஆக்ஸில் பற்றி ஒரு வரி போதும்: ஜீப்புக்கும் பழைய அமெரிக்கக் காருக்கும் அருமை, இந்த வகைக் காருக்கு வேண்டாம்.

டயர் அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. நிஜ சியானில் முன் ரிம் 20 அங்குலம், பின்னது 21. அதை அப்படியே நகலெடுக்க ஆசை வரும். நான்கு சக்கரமும் இழுக்கிற மாடலில் முன்பின் டயர் விட்டம் வேறுபட்டால் இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் இல்லாவிட்டால் கியர் பல் முறுக்கிக்கொண்டு நிற்கும். அதனால் விட்டம் ஒன்றாகவும் பின் டயர் மட்டும் அகலமாகவும் வைப்பதே புத்திசாலித்தனம். (2011இல் 38.1 கோடி டயர் செய்து, எண்ணிக்கையில் உலகின் முதல் டயர் உற்பத்தியாளர் என்று கின்னஸில் ஏறியது லெகோ. பக்கத்தில் அரக்கோணத்தில் எம்ஆர்எஃப் ஆலையை வைத்துக்கொண்டிருக்கிற நமக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.)

என் தேர்வு கலப்படம். முன்பக்கம் குழி ரிம், நேர் ஸ்பிரிங், ஸ்டியரிங் தண்டும் கைகளும் ஒரே நீளம். நீளம் வேறுபட்டால் மேடு ஏறும்போது சக்கரம் தானே திரும்பிக்கொள்ளும். பின்பக்கம் அகலமான குழி ரிம், புஷ்ராட், இரண்டு பக்கமும் பிடித்த ராக்கர். இன்ஜின் மூடி திறக்காத டிசைன் என்றால் பின்பக்கமும் நேர் ஸ்பிரிங்கே போதும். யார் கண்ணிலும் படாத ராக்கருக்காக அவ்வளவு துண்டுகளைச் செலவழிக்க என் பர்ஸ் இடம் தராது.