உலகச் சந்தைக்கு ஓவியம் கொண்டுசெல்லும் சேவை: ஆறு மாதத்தில் கண்டது

புதுச்சேரியில் இருந்தபடியே ஓவியங்களை உலகக் கலைச் சந்தைக்குக் கொண்டுசெல்லலாம் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தில், 24,000 ரூபாய் கட்டி ஆறு மாதச் சேவையில் சேர்ந்தேன். முத்தியால்பேட்டையில் வீட்டு மாடியில் வரைபவன் நான். பீச் ரோட்டுக்கு வரும் பயணிகள் பெட்டிக்குள் அடங்கும் சிறிய படங்களையே விரும்புவதால், ஐந்தடிக் கேன்வாஸ்கள் சுவரோரம் சாய்ந்தே கிடந்தன.

முதல் மாதத்து வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஓவியத்தையும் நிறம் பிசகாமல் படமெடுத்து, எண்ணிட்டு, அளவு, ஊடகம் (எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் போன்றவை), ஆண்டு ஆகியவற்றுடன் கையொப்பச் சான்றிதழும் தயாரித்துக் கொடுத்தார்கள். விலைப்பட்டியலில்தான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. வீட்டுக்கு வருபவர் பேரம் பேசினால் இரண்டாயிரம், மூவாயிரம் குறைத்துவிடுவது என் பழக்கம். விற்பனை விலையில் பாதியைக் கமிஷனாக எடுத்துக்கொள்வது கேலரிகளின் பொது வழக்கம் என்பதால், கேலரி சொல்லும் விலைக்குக் கீழே வீட்டில் விற்கும் ஓவியரை எந்தக் கேலரியும் நம்பிச் சேர்க்காது என்பதை நிறுவனத்தார் கணக்குப் போட்டே காட்டினார்கள்.

அதன்பின் நடந்தவை மனநிறைவு தரவில்லை. வீராம்பட்டினத்துப் படகுகளை நான் வரைந்திருக்க, அவர்கள் எழுதிய அறிமுகக் குறிப்பில் அவை ‘இருத்தலின் பெருவெளி’ ஆகிவிட்டன. அதைப் படித்துப் பார்த்த என் மனைவி, இது யாருடைய படம் என்று கேட்டாள். ஒரே கடிதத்தை எல்லாக் கேலரிகளுக்கும் அனுப்பியதில் பதில் தந்தது ஒன்றே, அதுவும் புகைப்படங்களை மட்டும் காட்சிப்படுத்தும் கேலரி.

நான்காம் மாதம், வெளிநாட்டுக் கண்காட்சியில் படம் மாட்டச் சுவரில் இடம் பெற 1,60,000 ரூபாய் கேட்டார்கள். 1970-இல் தொடங்கிய ஆர்ட் பாசல் போன்ற பெரிய கலைச் சந்தைகளில் கேலரிகளே விண்ணப்பிக்கின்றன, தேர்வுக் குழுவே இடம் தருகிறது. ஓவியரிடமே வாடகை வாங்கும் கண்காட்சிக்கு வருமானம் முன்பே வந்துவிடுவதால், வாங்குபவரைத் தேடும் அவசியம் அதற்கு இல்லை. மறுத்துவிட்டேன்.

எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம யாத்ரா’ 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 1.375 கோடி டாலருக்குப் போனதை அவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டினார்கள். 1954-இல் வரைந்து, அப்போதே விற்றுப்போன அந்த ஓவியத்தின் மறுவிற்பனை விலை, இன்று முதன்முறையாக விற்க வருபவருக்கு எந்த வகையிலும் அளவுகோல் ஆகாது.

ஆறு மாதத்தில் விற்றது ஒரு ஓவியம். வாங்கியவர் கடலூர்க்காரர், என் பழைய நண்பர் வழியாக வந்தவர். முதல் மாத வேலையை மட்டும் 6,000 ரூபாய்க்குத் தனியாகவும் செய்து தருகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. சேர நினைப்பவர்கள் அதை மட்டும் கேட்டு வாங்கலாம். நான் சேவையைப் புதுப்பிக்கவில்லை.