இரண்டு தம்பதிகள், இரண்டு ப்ளூஸ்-ராக் குழுக்கள்

கணவனும் மனைவியும் தலைமை தாங்க, மற்ற வாத்தியக்காரர்கள் வந்து சேர்ந்து போகும் ப்ளூஸ்-ராக் குழு (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையும் ராக்கும் கலந்தது) என்றால், எனக்கு இரண்டு பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். 1960களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் கிளம்பிய ‘டெலேனி அண்ட் போனி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ ஒன்று. 2010-இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் உருவான ‘டெடெஸ்கி டிரக்ஸ் பேண்ட்’ இன்னொன்று.

நண்பர்களைப் பெயரிலேயே (‘ஃப்ரெண்ட்ஸ்’) சேர்த்துக்கொண்டவர்கள் டெலேனி, போனி பிராம்லெட் தம்பதி. 1969-இல் ‘பிளைண்ட் ஃபெய்த்’ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் அமெரிக்கப் பயணத்தில், அவர்களுக்கு முன்னால் மேடையேறும் சின்னக் குழுவாகப் போனார்கள். பெரிய குழுவின் கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டனுக்கு இவர்கள்மேல்தான் மனசு போனது. டிசம்பரில் இங்கிலாந்தில் இவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தார்; பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் சேர்ந்துகொண்டார். லண்டனை ஒட்டிய குராய்டனில் பதிவான கச்சேரி 1970-இல் ஆல்பமாக வந்தது. டெலேனியும் போனியும் விட்டுக்கொடுக்காமல் ஒருவர் குரல்மேல் இன்னொருவர் ஏறிப் பாடும் அந்தச் சூட்டை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஆனால் வந்தவர்கள் தங்கவில்லை. 1970 மார்ச்சில் ஆங்கிலப் பாடகர் ஜோ காக்கரின் அமெரிக்கக் கச்சேரிப் பயணத்துக்காக பியானோ வாசிக்கும் லியான் ரஸ்ஸல் அவசரமாக ஆள் திரட்டினார். பேஸ் வாசித்த கார்ல் ரேடில், டிரம்ஸ் வாசித்த ஜிம் கார்டன், பாடகி ரீட்டா கூலிட்ஜ், சாக்ஸபோன், டிரம்பெட் வாசித்தவர்கள் என்று பாதிக் குழுவே அங்கே போய்விட்டது. அப்புறம் ரேடில், கார்டன், ஆர்கன் வாசித்த பாபி விட்லாக் மூவரும் கிளாப்டனோடு சேர்ந்து ‘டெரெக் அண்ட் த டாமினோஸ்’ ஆனார்கள். கிட்டாரிஸ்ட் டுவேன் ஆல்மன் போன்றவர்கள் பிறகும் தம்பதிக்காக வாசித்தார்கள்தான். அந்தப் பழைய கட்டு மட்டும் திரும்பவில்லை. சில ஆண்டுகளில் திருமணமும் முறிந்தது.

இரண்டாவது குழுவின் கிட்டாரிஸ்ட் டெரெக் டிரக்ஸுக்குப் பெயர் வந்ததே அந்த டாமினோஸை வைத்துத்தான். அவரும் பாடகி சூசன் டெடெஸ்கியும் 2001-இல் மணந்தார்கள். ஆனால் ஆளுக்கொரு குழுவை நடத்திவிட்டு, ஒன்பது ஆண்டு கழித்துத்தான் ஒரே குழுவானார்கள். இந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுகிறது. இரண்டு டிரம்ஸ், பித்தளை வாத்தியங்கள், துணைப் பாடகர்கள் என்று பத்துப் பேருக்கு மேல் சொந்த ஆட்களே இருக்கிறார்கள். வீட்டோடு ஸ்டூடியோ. விருந்தாளி வந்தால் கச்சேரி களைகட்டும், வராவிட்டாலும் எதுவும் குறையாது. இங்கே போட்டிக் குரலும் இல்லை: சூசன் பாடுவார், டெரெக் தன் ஸ்லைடு கிட்டாரால் (தந்திகள்மேல் ஒரு குழாயை வழுக்கி வாசிப்பது) பதில் சொல்வார். தனி வாசிப்புகள் சில இரவுகளில் நீண்டுபோகும் என்பது உண்மைதான்.

குழுவாக நிலைத்து வளர்ந்ததைப் பார்த்தால் என் ஓட்டு டெடெஸ்கி டிரக்ஸுக்கு. முதல் ஆல்பமான ‘ரெவலேட்டர்’ கிராமியும் வாங்கியது. ஒரே ஒரு கச்சேரிதான் கேட்க முடியும் என்றால் குராய்டனையே எடுப்பேன். இரண்டையும் கேட்டவர்கள் அடுத்து அமெரிக்காவின் லாக்கின் இசை விழாவில் 2015-இல் நடந்த கச்சேரியைத் தேடிப் போகலாம்: காக்கரின் நினைவாக லியான் ரஸ்ஸலையும் ரீட்டா கூலிட்ஜையும் தங்கள் மேடைக்கு அழைத்து, அந்த 1970 பயணப் பாட்டுகளை டெரெக்கும் சூசனும் அங்கே வாசித்தார்கள்.