'ஜப்பான் வீட்டுச் செற்' என்று பாட்டுப்பெட்டியை வான் வண்டியில் கொண்டுவந்தால் கவனம்

மாங்குளம், ஒலுமடு, மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். காலபோக நெல்லை விற்றுக் கையில் காசு இருக்கும் நேரம் பார்த்து ஒரு வெள்ளை வான் ஊர் ஊராகத் திரிகிறது. உள்ளே பெரிய அம்ப்ளிபயர், நெஞ்சு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு சப்வூஃபர். ஜப்பான்காரர் வீட்டில் பாவித்த செற், கொன்டெய்னரில் வந்தது என்று சொல்லி விற்கிறார்கள். எங்கள் மாமா 85,000 ரூபா கொடுத்து ஒன்று வாங்கிவிட்டார். நான் அதைக் கழற்றிப் பார்த்தேன். பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நேரம் இல்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்தாலும் போதும்.

முகப்பில் இருந்த பெயர் நம் எல்லோருக்கும் தெரிந்த ஜப்பான் பெயர். அதை இங்கே எழுதவில்லை. அந்த நிறுவனத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவர்களும் ஒரு வகையில் ஏமாற்றப்பட்டவர்கள்தான்.

மாமாவுக்கு அந்தப் பெயர் மேல் இருக்கும் பிடிப்பைச் சொன்னால்தான் வானில் வந்தவர்கள் எதை விற்றார்கள் என்பது விளங்கும். வன்னிக்குள் பற்றரி வரத் தடை இருந்த காலத்தில் மாமாவிடம் அந்த நிறுவனத்தின் ரேடியோ ஒன்று இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்துத்தான் செய்தி கேட்பார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், அதுவும் ஏசி. இடையில் டயோட்டும் கப்பாசிற்றரும் போட்டு ஒருவாறு நேராக்கிக் கொடுத்தாலும், பெடலைச் சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ப வோல்ட் ஏறி இறங்கும். அந்த மாதிரி மின்சாரத்தில் எத்தனையோ ரேடியோக்கள் கருகிப்போயின, மாமாவின் ரேடியோ கருகவில்லை. ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோதும் கூடவே வந்தது. 2009 இல் மற்ற எல்லாவற்றோடும் அதுவும் போனது. அதற்குப் பிறகு வீட்டுக்கு என்ன மின்சாமான் வாங்கினாலும் முதலில் அந்தப் பெயரில் இருக்கிறதா என்றுதான் கேட்பார். மின்விசிறிக்குக்கூட.

2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரைக்கும் ஏறிய பிறகு, அந்தத் தரத்தில் புதுச் செற் வாங்குவது கமக்காரருக்கு எட்டாக்கனி. ஆக, பாவித்த ஜப்பான் சாமான் அரை விலைக்கு வாசலில் வந்து நின்றால் யாருக்கும் கை நீளும்.

நான் அந்த நேரம் வவுனியாவில் வேலையில். நடந்ததை மாமி சொன்னார். வந்தவர்கள் இரண்டு பெடியன்கள், மரியாதையான கதை, வாய்க்கு வாய் ஐயா. முதலில் 145,000 என்று தொடங்கியிருக்கிறார்கள். "இது ஜப்பான்காரன் தன்ர வீட்டில பாவிச்ச சாமான் ஐயா, கடைச் சாமான் இல்லை. உங்களுக்குப் பேர் விளங்கும்தானே, நான் சொல்லத் தேவையில்லை." மாமாவுக்கு அது போதும். மாமாவின் சின்னவனுக்கு வேறு தூண்டில். ஏ.எல். படிக்கிற பெடியன், அவனுக்குப் பெயரும் தேவையில்லை ஊரும் தேவையில்லை, யன்னல் கண்ணாடி அதிர்ந்தால் சரி. கொண்டுவந்த பென்டிரைவில் இருந்து ஒரு குத்துப்பாட்டை முழுச் சத்தத்தில் போட்டிருக்கிறார்கள். தகப்பனுக்குப் பெயர், மகனுக்கு பேஸ் என்கிற தடித்த சத்தம். மாமி மட்டும், "எங்கட பாட்டு ஒண்டைப் போட்டுக் காட்டுங்கோவன்" என்று கேட்டிருக்கிறார். ரேடியோவைக்கூடப் போட்டுக் காட்டவில்லை. அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகிறது என்றார்களாம்.

இந்தச் சத்த விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே செற்றைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் முன்னதைவிட நல்ல செற் போலக் கேட்கும். சத்தம் குறையும்போது நம் காதுக்கு முதலில் குறைவது பேஸ்தான். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிளெச்சரும் மன்சனும் 1933 இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். பகலில் முழுச் சத்தத்தில் கேட்டு வாங்கிய பெட்டி, இரவில் அயலுக்குக் கரைச்சல் இல்லாமல் மெதுவாகப் போட்டால் சப்பென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்கும்போது மெதுவாக வைத்தும் கேட்க வேண்டும், நமக்கு மனப்பாடமான பாட்டில் கேட்க வேண்டும். மாமி கேட்டது மிகச் சரியான கேள்வி.

நான் வீட்டுக்குப் போனபோது மாமா சாய்மனைக் கதிரையில் இருந்து பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பெருமை. எனக்கு முதலில் கண்ணில் பட்டது ரேடியோ அலைவரிசை. 87.5 இல் தொடங்கி 108 இல் முடிந்தது. ஜப்பானில் வீட்டுப் பாவனைக்கு விற்கிற செற்றில் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கும், அந்த நாட்டின் ஒலிபரப்பு அப்படி. பின்பக்கத்தைத் திருப்பினால் 220–240 வோல்ட் என்று ஒரு ஸ்ரிக்கர். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். உண்மையாகவே ஜப்பான் வீட்டில் இருந்து வந்த செற் என்றால் 230 வோல்டை 100 ஆக்குகிற ட்ரான்ஸ்போமர் ஒன்றும் சேர்த்துத்தான் விற்க வேண்டும், நேரே பிளக்கில் குத்தினால் புகைதான். வெளிநாட்டுக்கு என்று செய்கிற மொடல்களில் 230 வோல்டும் 87.5 உம் இருக்கும், அதில் பிழை இல்லை. ஆனால் ஜப்பான்காரன் தன் வீட்டில் அதை வைத்துப் பாட்டுக் கேட்டிருக்க மாட்டான்.

அடுத்தது வாட்ஸ் கணக்கு. முகப்பில் 1200 வாட்ஸ். பின்பக்க ஸ்ரிக்கரில், எழுத்துப் பொடியாக, மின்சாரம் எடுப்பது 60 வாட்ஸ். ஒரு மூட்டை நெல்லைக் குத்தி இருபது மூட்டை அரிசி எடுத்த கதை. ஒரு கணத்துக்கு மட்டும் எழும்பக்கூடிய உச்சத்தைக் கற்பனையாகக் கூட்டிப் பெருக்கிப் போடுவதைத்தான் பி.எம்.பி.ஓ. என்பார்கள். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடியது. அது எங்கேயும் எழுதப்படவில்லை என்றால் பின்பக்கத்தில் மின்சாரம் எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள், வெளியே வருவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

"உதை ஏன் கழட்டுறாய்? வாறன்ரி போயிடும்" என்று மாமா தடுத்தார். மாமிதான் ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து தந்தார்.

அம்ப்ளிபயர் நல்ல பாரம். பழைய நல்ல அம்ப்ளிபயர்கள் பாரமாகத்தான் இருக்கும், உள்ளே இருக்கிற பெரிய ட்ரான்ஸ்போமர் அப்படி. ஆனால் இதைத் தூக்கும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூடியைத் திறந்தால் முக்கால்வாசி வெற்றிடம். ஒரு மூலையில் லப்டொப் சார்ஜர் போல ஒரு பவர் சப்ளை, 19 வோல்ட், 3 அம்பியர், பெருக்கினால் 57 வாட்ஸ். நடுவில் உள்ளங்கை அளவு போர்ட் ஒன்று, அதில் டி.பி.ஏ. 3116 என்று அச்சிட்ட, சத்தத்தைப் பெருக்குகிற சிப். பாரத்துக்குக் காரணம் மற்ற மூலையில் இருந்தது. சீமெந்துக் கட்டி! ஒரு பிளாஸ்டிக் அச்சில் வார்த்து, காயவைத்து, பசை போட்டு அடித்தட்டில் ஒட்டி, மேலே கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தார்கள். பெயின்ற் கழன்ற இடத்தில் சீமெந்து சாம்பல் நிறத்தில் தெரிந்தது. மாமா அதை விரலால் சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்பீக்கர் பெட்டியில் பக்கத்துக்கு நான்கு வட்டம். வலைத்துணியைக் கழற்றினால் பாடுவது அவற்றில் ஒன்றுதான். மேலே இருந்த ட்வீட்டர், அதாவது கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர், வெறும் வெள்ளி நிறப் பிளாஸ்டிக் மூடி, பின்னால் வயரும் இல்லை காந்தமும் இல்லை. மற்ற இரண்டும் அழகுக்கு. முகப்பில் இருந்த பெயர்த் தகட்டை நகத்தால் நெம்பினேன், வந்துவிட்டது. கீழே வேறு ஏதோ பெயர் ஒட்டி எடுத்த பசைத் தடம்.

அந்தச் சிப்பில் பிழை இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு, ஒரு சின்ன அறைக்குத் தாராளமாகப் போதும், பழைய பாட்டில் குரல் தெளிவாகவே வரும். மாமாவுக்குப் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. அதே போர்டை வாங்கி ஒழுங்கான ஸ்பீக்கரோடு பூட்டினால் இந்தக் காசில் கால்வாசியும் முடியாது. ஆனால் தகடு கழன்று விழுந்த அடுத்த நிமிடமே மாமாவின் காது மாறிவிட்டது. "அண்டைக்கே எனக்கு ஒரு மாதிரித்தான் கிடந்தது, சவுண்டில ஒரு கரகரப்பு" என்றார். கரகரப்பு என்று அன்றுவரை ஒரு வார்த்தை சொல்லாத மனிதர்!

மாமாவைப் பார்த்துச் சிரிக்க முடியாது, எல்லோரும் அப்படித்தான். ஸ்பீக்கர் செய்கிற ஹார்மன் நிறுவனத்தில் ஃபுளொயிட் டூலும் ஷோன் ஒலிவும் 1994 இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும், கண்ணுக்குத் தெரிய வைத்தும் கேட்டுப் புள்ளி போடச் சொன்னார்கள். கேட்டவர்கள் அந்த நிறுவனத்தின் ஆட்கள்தான், ஆனாலும் பெட்டியைப் பார்த்ததும் புள்ளிகள் மாறிவிட்டன. எனக்கும் யமஹாவின் பழைய அம்ப்ளிபயர் என்றால் ஒரு பைத்தியம். திரைக்குப் பின்னால் வைத்தால் நானே கண்டுபிடிப்பேனோ தெரியாது.

பெயரை நம்புகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். போலி ஒட்டாத இடத்திலும் பெயர் ஒன்று, செய்கிற கை வேறு என்று ஆகிவிட்டது. ஐவாவை 2002 இல் சோனி தன்னோடு இணைத்தது, பிறகு அந்தப் பெயரையே நிறுத்தியது, 2017 இல் வேறு ஒரு நிறுவனம் அதை எடுத்து மறுபடி தொடங்கியது. அக்காய், சன்சுயி என்ற பெயர்கள் இன்று அனுமதி வாங்கிய வேறு ஆட்களின் பெட்டிகளில் இருக்கின்றன. பயனியரின் வீட்டு ஒலிச்சாதனப் பிரிவு 2015 இல் ஒன்கியோவிடம் போனது, ஒன்கியோவே 2022 இல் முறிந்தது. ஜேபிஎல்லை வைத்திருக்கும் ஹார்மன் 2017 முதல் சம்சுங்கின் கையில். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, வியாபாரம் அப்படி. ஆனால் தொண்ணூறுகளில் டைனமோவில் பாடிய ரேடியோவைச் செய்த அதே ஆட்கள்தான் இன்றைக்கும் இருக்கிறார்கள் என்று நினைத்துக் காசை எண்ணக்கூடாது.

சரி, காசு திரும்பி வந்ததா என்றால், இல்லை. தந்த பில்லில் வவுனியாக் கடை ஒன்றின் முத்திரை இருந்தது. அந்தக் கடைக்குப் போனேன். பாவம், கடைக்காரருக்கு ஒன்றுமே தெரியாது. அவர் விற்பது மின்விளக்கும் வயரும். முத்திரையில் கடைப் பெயரின் எழுத்தே பிழை. "உங்களைப் போல வேற ஆக்களும் வந்து என்னோட சண்டை பிடிச்சிட்டினம் தம்பி" என்றார். பில்லில் இருந்த கைபேசி எண் வேலை செய்யவில்லை. பொலிஸில் முறைப்பாட்டை எழுதி எடுத்தார்கள், வான் இலக்கம் கேட்டார்கள். அது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். கொஞ்ச நாள் கழித்து வேறு எண்ணில் இருந்து மாமாவுக்கு அழைப்பு. அதே மரியாதை. "ஐயா, அந்த லொட்டில ஒரு பிழை நடந்திட்டுது. 30,000 போட்டீங்கள் எண்டா பழசை எடுத்துக்கொண்டு பெரிய மொடல் தாறம்." சீமெந்தை விரலால் சுரண்டிப் பார்த்த மாமா ஒரு நிமிடம் யோசித்தார். "பெரிய மொடல் எண்டா ஒறிஜினலா இருக்கும் போல" என்று என்னைப் பார்த்தார். மாமி போனைப் பறித்து வைத்துவிட்டார். அதே ஊரில் இன்னொரு வீட்டில் அந்த 30,000 உம் போய்விட்டது என்று பிறகு அறிந்தோம். ஏமாந்தவரிடமே இரண்டாவது தடவை வருகிறார்கள்.

யாராவது வானில் கொண்டுவந்தால் பெட்டியைப் பார்க்க முதல் வான் இலக்கத்தைப் படம் எடுங்கள். பிறகு அலைவரிசை எங்கே தொடங்குகிறது, பின்பக்கத்தில் எத்தனை வோல்ட், எத்தனை வாட்ஸ் எடுக்கிறது, வலைத்துணிக்குப் பின்னால் எல்லா ஸ்பீக்கரும் பாடுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றின் மேலும் விரல் நுனியை மெதுவாக வைத்தால் வூஃபரின் அதிர்வு தெரிந்துவிடும், ட்வீட்டருக்குக் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் அனுப்பிவிடுங்கள். கடையில் வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். விற்றவர் யார் என்று காட்ட ஒரு பில்லோ இலக்கமோ இல்லாவிட்டால் அங்கேயும் கை விரிக்கத்தான் வேண்டிவரும்.

போன கிழமை ஒட்டுசுட்டான் தாண்டி முள்ளியவளைப் பக்கம் அந்த மாதிரி ஒரு வானைக் கண்டதாக ஒருவர் சொன்னார். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சனம் கூடும்போது அங்கேயும் வருவார்கள் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே வாங்கியவர்கள் யாராவது இருந்தால், 30,000 கேட்டு அழைப்பு வந்த எண்ணைக் குறித்து வைத்து எனக்குச் சொல்லுங்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு முறைப்பாடாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். வவுனியாக் கடைக்காரரும் கையெழுத்துப் போட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.