ஹேஷ்போர்டு மாற்றிய கையோடு: ஏஐ டியூனிங் ஃபர்ம்வேர் பற்றி

என் பிட்காயின் மைனரில் (பிட்காயின் ஈட்ட இடைவிடாமல் கணக்குப் போடும் மெஷின்) ஒரு ஹேஷ்போர்டு, அதாவது அந்தக் கணக்கைப் போடும் சிப்கள் உள்ள பலகை, செத்துப்போய், மாற்றி, இப்போதுதான் திரும்ப ஓடுகிறது. இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் "அந்த ஏஐ டியூனிங் ஃபர்ம்வேர் போடலாமா, கரன்ட் மிச்சமாகுமா" என்று கேட்கிறார். ஃபர்ம்வேர் என்பது மெஷினுக்குள்ளேயே இருந்து அதை ஓட்டும் மென்பொருள்; இது சிப்களைத் தானே சரிபார்த்து அமைக்கும் ரகம், என் மெஷினில் ஏற்கெனவே இருக்கிறது.

மிச்சமாகும், அதில் சந்தேகமே இல்லை. கம்பெனி செட்டிங்கில் விநாடிக்கு 95 டெராஹாஷுக்கு (ஒரு டெராஹாஷ் என்றால் லட்சம் கோடி கணக்கு) 3250 வாட், அதாவது டெராஹாஷுக்கு 34 ஜூல் சொச்சம். இந்த ஃபர்ம்வேரில் 2500 வாட்டில் 85 தருகிறது, 29 சொச்சம்தான் வருகிறது. ஒரே தயாரிப்பில் வந்த சிப்பாக இருந்தாலும் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது; மட்டமான சிப்பும் தாக்குப்பிடிக்கட்டும் என்று கம்பெனிக்காரர்கள் வோல்டேஜைத் தாராளமாக வைத்துவிடுவார்கள். இந்த ஃபர்ம்வேர் வோல்டேஜைக் குறைத்து, ஒவ்வொரு சிப்பின் ஃப்ரீக்வென்சியையும் (ஓடும் வேகம்) தனியாக ஏற்றி இறக்கி, எங்கே பிழை வர ஆரம்பிக்கிறதோ அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்துகிறது. சூடான காற்று வெளியேறும் பக்கத்துச் சிப்களை மட்டும் அது தானாகவே மெதுவாக ஓடவிட்டிருப்பதைத் திரையில் பார்த்தபோது, கையால் இதைச் செய்யவே முடியாதே என்று அசந்துபோனேன்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். இதற்கு ஞாபகசக்தி கிடையாது! மாற்றியது ஒரு போர்டு. மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குக் கற்றுவைத்த அத்தனையையும் அழித்துவிட்டு மூன்றுக்கும் முதலிலிருந்து ஆரம்பித்தது. மணிக்கணக்கில் ஹேஷ் ரேட் (கணக்குப் போடும் வேகம்) ஏறும், விழும், ஃபேன் அலறும். நடுவில் கரன்ட் போனால் மறுபடி அ, ஆ. கேட்டால் "பாதுகாப்புக்காக" என்று பதில் வருகிறது. இதற்குத்தான் நம் ஹேஷில் ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் இந்த ஃபர்ம்வேர்காரர்களின் விளம்பரம், "நெட்வொர்க்கின் மின்செலவைக் குறைக்கிறோம்" என்று. கதை. என் மெஷினில் குறையும், பிட்காயினில் குறையாது. எல்லோரும் மிச்சம் பிடித்தால் அதே கரன்ட்டில் இன்னும் நாலு மெஷின் ஓட்டுவார்கள், 2016 பிளாக்குக்கு (பணம் அனுப்பியதைப் பதிந்துவைக்கும் தொகுப்புதான் பிளாக்) ஒருமுறை டிஃபிகல்ட்டி, அதாவது கணக்கின் கடினம், ஏறிவிடும், பிளாக் என்னவோ பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான். அந்தப் பிளாக்கில் பணம் அனுப்பியவர்கள் பத்துப் பேரா ஆயிரம் பேரா என்பதற்கும் எரிந்த கரன்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ நெட்வொர்க் மைனிங்கையே தலைமுழுகி மின்செலவை 99.95 சதவீதம் குறைத்தது, எந்த ஏஐயும் இல்லாமல். 2024 ஏப்ரலில், மைனிங் செய்பவருக்குக் கிடைக்கும் பிளாக் பரிசு 6.25 பிட்காயினிலிருந்து 3.125 ஆன பிறகு இந்த ஃபர்ம்வேருக்கு வந்த மவுசுக்குக் காரணம் பூமி மேல் அக்கறை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆகவே நண்பரே, போடாதீர்கள், கரன்ட் அடிக்கடி போகும் இடமாக இருந்தால் தொடவே தொடாதீர்கள். நான் எடுக்கப் போகிறேனா? மூன்றாவது போர்டு இப்போதுதான் டியூன் ஆகி முடியப்போகிறது, இந்த நேரத்தில் போய் அதை யார் அழிப்பது.