பாம்புத் தீனி வாங்குவோர் கவனத்துக்கு: அரை மாதச் சம்பளம் போனது

நேற்று மாலை என் கார்ட்டர் பாம்பு (வட அமெரிக்கச் சிறு பாம்பு வகை) மல்லாந்து விழுந்து, புரளத் தெரியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் பி1 வைட்டமின் ஊசி போட்டிருக்கிறார். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

காரணம், செல்லப் பாம்புகளுக்கு உறைய வைத்த தீனி விற்கும் ஓர் இணையக் கடை. ஆறு மாதத்துக்குப் 'பலவகைத் தீனிப் பொதி'; முழுப் பணமும் முன்கூட்டியே. என் அரை மாதச் சம்பளம். தயங்கினேன். ஆனால் விற்பனையாளர் என் பாம்பின் வயதைக் கேட்டார், எடையைக் கேட்டார், கடைசியாக எப்போது தோலுரித்தது என்றுகூடக் கேட்டார். தோலுரித்த நாளை விசாரிப்பவர் ஏமாற்றுவாரா? அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டேன். அன்றே பணத்தைக் கட்டினேன்.

பொதி வந்தது. எலிக்குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக, உறைந்த ரத்த நீருக்குள் கிடந்தன. வயிறெல்லாம் பச்சை. வழியில் உருகி, மறுபடி உறைந்தவை. ஒரு மணி நேரத்துக்குள் படம் அனுப்பினேன். "படம் தெளிவாக இல்லை" என்றார்கள். தெளிவாக எடுத்து அனுப்பினால், "கொண்டுவந்தவர்களின் தவறு, அவர்களைக் கேளுங்கள்." அவ்வளவையும் குப்பையில் கொட்டினேன்.

மிச்சம் 'நன்னீர் மீன் கலவை'. கல்லாக உறைந்திருந்ததால் நம்பி, இரண்டரை மாதம் அதையே கொடுத்தேன். மருத்துவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். தங்கமீன். அதிலுள்ள தயமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினை அழித்துவிடுமாம்; உறைய வைத்தாலும் அது சாகாதாம். கலவை என்ற பையில் இருந்தது முழுக்க அந்த ஒரே மீன்! இன்று காலை கடைக்கு எழுதினேன். வந்த பதில்: "காட்டில் பாம்பு எல்லாவற்றையும்தானே தின்கிறது?" அரை மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த பொதிக்குத் தள்ளுபடி தருகிறார்களாம்.

எந்தப் பாம்புக்கு எதை, எவ்வளவு கொடுக்கலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது மனம் நிலைகொள்ளவில்லை. இவ்வளவுதான்: மீனின் பெயர் எழுதப்படாத பையை வாங்காதீர்கள். கார்ட்டர் பாம்புக்கு மண்புழு, எலிக்குஞ்சு, சால்மன் அல்லது ட்ரவுட் மீன் என மாற்றிக் கொடுங்கள். எருக்குழிச் சிவப்புப் புழு வேண்டாம். சோளப் பாம்பும் பந்து மலைப்பாம்பும் வளர்ப்பவர்களே, உங்களுக்கு இந்தப் 'பலவகை' தேவையே இல்லை, பாம்பின் உடல் தடிமனுக்கு ஏற்ற முழு எலி போதும். பொறியில் சிக்கிய எலியை மட்டும் கொடுக்காதீர்கள், விஷம் தின்றிருக்கலாம். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

அடுத்த ஊசிக்கு நேரமாகிவிட்டது. பாம்பு இன்னும் தலையைத் தூக்கவில்லை. அந்தப் பொதியோ இந்த நிமிடமும் விற்பனையில் இருக்கிறது.