கல்லடைப்பு: காத்திருப்பதா, உடைப்பதா, எடுப்பதா?

சிறுநீர்ப் பாதைக் கற்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 11.5 கோடிப் பேர் புதிதாக அவதிப்பட்டதாக உலக நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 13,000 பேர். ஆளைக் கொல்வது அரிது என்பதாலேயே, காசநோய்க்கும் நீரிழிவுக்கும் இருப்பது போன்ற கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் விலாவில் தொடங்கி அடிவயிறு வரை இறங்கும் அந்த வலி ஒருவரை மூன்று நாள் வேலைக்குப் போகவிடாமல் முடக்கிவிட்டால், தினக்கூலிக் குடும்பத்தில் மூன்று நாள் அடுப்பெரிவது கேள்விக்குறியாகிவிடும். திருநெல்வேலிச் சீமையில் கல்லடைப்பு என்று சொன்னவுடன் 'கரைக்கலாமா, உடைக்கலாமா, ஆபரேஷனா?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இங்கே நோக்கம்.

முதல் வழி காத்திருத்தல். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் சிறுநீர்க் குழாயில் இறங்கிவிட்ட கல் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது தானாகவே வெளியேறிவிடும்; 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை உள்ள கற்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை அப்படிப் போகும். எனக்கு வந்தது 4 மில்லிமீட்டர் கல். மருத்துவர் வலி மாத்திரையைக் கொடுத்து, சிறுநீரை டீ வடிகட்டியில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒன்பதாம் நாள் காலையில் வடிகட்டியில் கிடந்தது எள்ளை விடச் சற்றுப் பெரியது. பழுப்பு நிறம், சுற்றிலும் நெருஞ்சி முள் போன்ற முனைகள். இவ்வளவு சிறிய ஒன்றா என்னைத் தரையில் உருட்டியது என்று வெட்கமாகக்கூட இருந்தது. அதைத் தூக்கி எறியாமல் ஆய்வுக்குக் கொடுத்ததுதான் நான் செய்த உருப்படியான காரியம், ஏனென்றால் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் சார்ந்தவை என்றாலும், யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்தாலேயே அதைக் கரைத்துவிட முடியும். 'கரைக்கும் மருந்து' என்று அலோபதியில் துணிந்து சொல்லத்தக்கது பெரும்பாலும் இந்த வகைக் கல்லுக்கு மட்டுமே பொருந்தும்.

சிறுநீர்க் குழாயைத் தளர்த்திக் கல்லை இறக்கிவிடும் என்று எழுதித் தரப்படும் டாம்சுலோசின் மாத்திரையைப் பற்றி மருத்துவ உலகிலேயே ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை விடச் சிறப்பாக எதுவும் செய்யவில்லை. குழாயின் கீழ்ப்பகுதியில் நிற்கும் சற்றுப் பெரிய கற்களுக்கு மட்டும் பயன் உண்டு என்று வேறு தொகுப்பாய்வுகள் கூறுகின்றன.

நம் ஊரில் காத்திருத்தல் என்றால் அதில் சித்த மருத்துவமும் சேர்ந்தே வரும். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கி வருவதால், சிறுபீளை, நெருஞ்சில் ஆகிய மூலிகைகள் இங்கே பாட்டி வைத்தியமாக மட்டும் நின்றுவிடவில்லை. சிறுபீளைக் கஷாயத்துக்கும் வாழைத்தண்டுச் சாற்றுக்கும் எலிகளிடம் நல்ல பலன் தெரிந்ததாகக் கூறும் ஆய்வுகள் உண்டு. மனிதர்களிடம் பெரிய அளவிலான சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. வாழைத்தண்டுச் சாறு குடித்துக் கல் போனது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கல் சாறு இல்லாமலும் போயிருக்கக் கூடியதா என்பதை மட்டும் அவரால் அறிய முடியாது. என் அச்சம் வேறு ஒன்றைப் பற்றியது. வலி நின்றுவிட்டது என்பதாலேயே கல் வெளியேறிவிட்டது என்று ஆகிவிடாது. அடைப்பு சத்தமில்லாமல் நீடித்துச் சிறுநீரகம் வீங்கி வீணாகலாம் என்பதால், எந்த மருந்தைக் குடித்தாலும் சில வாரங்களில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, இருப்பது ஒரே சிறுநீரகம் என்றாலோ காத்திருத்தல் என்ற வழியே கிடையாது. அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்தான். ஒன்று, உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலையைச் செலுத்திக் கல்லைப் பொடியாக்குவது. 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்கு இது செய்யப்பட்டது. மற்றொன்று, சிறுநீர்த் துவாரம் வழியே மெல்லிய உள்நோக்குக் குழாயைச் செலுத்தி லேசரால் கல்லை உடைத்து எடுப்பது. அதிர்வலைக்குப் பெரும்பாலும் முழு மயக்க மருந்து தேவையில்லை, அன்றே வீடு திரும்பலாம், செலவும் குறைவு. ஆனால் கல் கடினமாக இருந்தாலோ, நோயாளி பருமனாக இருந்தாலோ இது சறுக்கும். கர்ப்பிணிகளுக்குச் செய்யவே கூடாது. சிறுநீர்க் குழாய்க் கற்களுக்கு இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பிரிட்டனில் 613 பேரிடம் நடத்திய ஆய்வில், அதிர்வலையில் தொடங்கியவர்களில் சுமார் 22 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்துக்குள் மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டது. உள்நோக்கியில் தொடங்கியவர்களில் அது சுமார் 10 விழுக்காடு. வேறுவிதமாகச் சொன்னால், அதிர்வலையில் ஐந்தில் நால்வர் அறுவை அரங்கின் வாசலை மிதிக்காமலே தப்பித்தார்கள்.

எந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை இந்த எண்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. பாளையங்கோட்டையிலேயே குடியிருக்கும் ஓர் அரசு ஊழியர் இரண்டு மூன்று முறை அதிர்வலைக்குப் போய்வருவதில் சிரமம் இல்லை. திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் சம்பளம். அவருக்கு ஒரே தடவையில் முடிவதே லாபம் என்று நான் கருதுகிறேன். ஆனால் அந்த ஒரே தடவைக்குப் பின்னால் ஒரு வால் இருக்கிறது. உள்நோக்கிச் சிகிச்சைக்குப் பின் பலருக்கும் டி.ஜே. ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை உள்ளே வைத்து அனுப்புகிறார்கள். அதைச் சொன்ன தேதியில் எடுத்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், வலியும் போய்விட்டது, நடவும் தொடங்கிவிட்டது என்று அதை மறந்தே போனார். ஒன்றரை ஆண்டு கழித்து எடுக்கப் போனபோது அந்தக் குழாயைச் சுற்றியே கல் படிந்திருந்தது; முதலில் பட்ட பாட்டை விட இரண்டு மடங்கு பட்டார்.

2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சிறுநீரகக் கல்லுக்கு இந்தத் தர்க்கம் தேவையில்லை. முதுகுப்புறமாகச் சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறையே அங்கு முதல் தேர்வு. ஸ்வீடனில் 1976இல் விவரிக்கப்பட்ட அந்த முறை, வயிற்றைக் கிழிக்கும் பழைய அறுவையை ஏறக்குறைய ஓய்வுபெறச் செய்துவிட்டது.

இதுவரை சொன்ன எல்லா வழிகளும் வந்துவிட்ட கல்லுக்கானவை. ஒருமுறை கல் வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் அது திரும்பி வருகிறது. இத்தாலியில் 199 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 2 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கே கல் திரும்பியது. அப்படிக் குடிக்காதவர்களில் 27 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. கல் திரும்பாமல் இருக்கக் காலங்காலமாகக் கொடுக்கப்பட்ட ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரையோ, 2023இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில் வெற்று மாத்திரையிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. பாலையும் தயிரையும் நிறுத்துவதும் தவறான வழி: 2002இல் வெளியான மற்றோர் இத்தாலிய ஆய்வில், கால்சியத்தைக் குறைத்தவர்களில் 60க்கு 23 பேருக்குக் கல் திரும்பியது, கால்சியத்தை வழக்கம்போல் உண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களில் 60க்கு 12 பேருக்குத்தான் திரும்பியது. ஆகவே குறைக்க வேண்டியவை கருவாடும் ஊறுகாயும் அப்பளமும். மோரில் கை வைக்க வேண்டாம்.

ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்தில் 'போர்த் தண்ணியிலதான் கல்லு வருது' என்று சொல்லிக் கேன் தண்ணீருக்கு மாறிய வீடுகள் நிறைய உண்டு. நீரின் கடினத்தன்மைக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்புக்கான சான்று பலவீனமானது. குடிக்கும் அளவுக்கான சான்று வலுவானது. கரிக்கும் உப்புத் தண்ணீர் தொண்டையில் இறங்காததால் குறைவாகக் குடிக்கிறார்கள் என்றால் கேன் வாங்குவதில் பொருள் உண்டு. கேனை வாங்கி வைத்துவிட்டு அதே மூன்று தம்ளர் குடித்தால் காசுக்குத்தான் கேடு.

தண்ணீர் குடிக்கச் சொல்வது எளிது. ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றும் என் சித்திக்கு இரண்டு முறை கல் வந்திருக்கிறது. மடியில் சொளகு என்கிற முறம், அதில் வெட்டிய இலையும் தூளும்; காலையில் உட்கார்ந்தால் கணக்கு முடியும் வரை எழ மாட்டார். பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் மூடியபடி இருக்கும். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். "ஏய்யா, தண்ணி குடிச்சா எந்திக்கணும்லா, எந்திச்சா கை ஓட்டம் விட்டுப் போகும்லா" என்றார். செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண்களுக்கும், வயலில் களை எடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான், கூடவே ஒதுங்க இடமும் இல்லை. ஒரு மாவட்டத்துக்கு இன்னொரு லேசர் கருவியா, வேலைத்தலங்களில் கழிப்பறையும் குடிநீருமா என்று என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டாவதைத்தான் கேட்பேன், ஏனென்றால் கருவி ஒருவரின் ஒரு கல்லைத்தான் எடுக்கும்.

எவ்வளவு குடித்தால் போதும் என்று சித்தி கேட்டார். லிட்டர் கணக்கு அவருக்கு உதவாது என்பதால், சிறுநீர் வைக்கோலை விட வெளுப்பாகப் போகவேண்டும், மஞ்சளாகப் போனால் செம்பை எடுங்கள் என்றேன். சிறிது யோசித்தார். "சரிய்யா, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றபடி அடுத்த இலையை எடுத்தார்.